கண் மூடிய முனியாண்டி

அந்த அச்சகத்து முதலாளி என் ஓவியங்களைப் பார்த்த விதத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் குமட்டும். மத்தியானச் சோறு முடிந்து கை கழுவாத நேரம். மீன் குழம்பு காய்ந்த விரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, சிங்கப்பூர் ஓவியப் பள்ளியில் மூன்று வருஷம் நான் வரைந்ததையெல்லாம் பழைய பேப்பர் மாதிரி புரட்டினார். ஆற்றோரப் படகுகள், கோழி விற்கும் கிழவி, ஒரு நிர்வாணப் படம். நிர்வாணத்தில் மட்டும் அந்த விரல் கொஞ்சம் தங்கியது. பல்லிடுக்கில் எதையோ உறிஞ்சி எடுத்துக்கொண்டே, “கை நல்லாருக்கு தம்பி” என்றார். “சாமி படம் வருமா?”

வரும் என்றேன். வராது என்று சொல்லும் நிலையில் நான் இல்லை. படிப்பு முடிந்து மலாக்காவுக்கு வந்து மாதக்கணக்காகிவிட்டது. தெங்கேராவில் கடைப் பலகை எழுதும் சீனர், என் சீன எழுத்தைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்து, தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டார். தியேட்டர் மானேஜரோ நான் வரைந்த பேனரைப் பார்த்து, “கதாநாயகி இளைச்சுப் போயிட்டாளே லா! இவளப் பாக்க யாரு டிக்கெட் எடுப்பா?” என்றார். மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வருகிறது, ஊரெல்லாம் அலங்கார வளைவு கட்டுகிறார்கள், வேலை கொட்டிக் கிடக்கும் என்று நம்பினேன். வளைவைக் கட்டிய தச்சர்களே வண்ணத்தையும் அடித்துவிட்டுப் போனார்கள்.

அப்போது காஜா பெராங்கில், மலாய் பேசும் செட்டிமார் வாழும் கம்போங் செட்டியில், ஒரு வீட்டின் பின்னறையில் குடியிருந்தேன். வீட்டுக்கார அம்மாள் சாரோங் கெபாயா கட்டி, திருநீறு பூசி, காலையில் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்து மலாயில் என்னைத் திட்டுவார். தமிழில் அவருக்குச் சாமி பெயர்களும் சில பலகாரப் பெயர்களும்தான் தெரியும். “கம்பார் போலே மக்கான் கா?” என்பார். படத்தைத் தின்ன முடியுமா என்று கேள்வி. கேட்டுக்கொண்டே ஒரு தட்டுச் சோற்றையும் முன்னால் வைப்பார். மனிதர்கள் வாயிலிருந்து விழும் பேச்சைப் பொறுக்கிச் சேர்ப்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள பைத்தியம். அவர் கேள்வியையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி என்னைப் படிக்கவைத்தவர். “என் மகன் படம் போடுற ஆபீஸ்ல சேரப்போறான்” என்று தோட்டம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். இந்த வேலையும் கைநழுவினால் நானும் அவரோடு மரம் வெட்டப் போக வேண்டியதுதான்.

முதலாளி விஷயத்துக்கு வந்தார். பத்து பெரெண்டாம் பக்கம் சம்சு காய்ச்சும் ஒரு தவுக்கேக்கு, சீன முதலாளிக்கு, புது லேபிள் வேண்டுமாம். சம்சு என்றால் தோட்டத்து மலிவுச் சாராயம். மூடியைத் திறந்தாலே கண் எரியும்.

“தோட்டத்தாளு முனியாண்டிக்கு என்ன படைக்கிறான்? சுருட்டும் சாராயமும். அந்தச் சாராயப் போத்தல் மேலயே முனியாண்டி நின்னா? வேற போத்தலத் தொடுவானா?” சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். அவர் நெற்றியிலும் பட்டையாகத் திருநீறு.

எனக்கு மனசு ஒப்பவில்லை. கை ஒப்பியது. முறுக்கு மீசை, தோளில் அரிவாள், வாயில் சுருட்டு என்று எல்லாம் வரைந்து கண்ணை மட்டும் கடைசிக்கு வைத்தேன். எங்கள் தோட்டத்தில் புதுச் சிலைக்குக் கண் திறக்கும்போது பூசாரி எல்லாரையும் விலகி நிற்கச் சொல்வார். கண் வரையும்வரை அது வெறும் சிமெண்டு, வரைந்த பிறகுதான் சாமி. அந்தப் பழக்கம் என் கையிலும் இருந்தது. கருவிழியில் வெள்ளைப் புள்ளி வைத்ததும் தாளிலிருந்து அது என்னைப் பார்த்தது.

“அடேயப்பா, முறைக்கிறாரே!” என்றார் முதலாளி. வேலை நிரந்தரம் என்றார்.

முனியாண்டி சம்சு பறந்தது. மெர்டேக்கா வந்தது, கொடி மாறியது, நான் ஊதுவத்திக்கும் தைலத்துக்கும் லேபிள் வரைந்துகொண்டிருந்தேன். ஒருநாள் தவுக்கே வந்து கத்திவிட்டுப் போனார். காலிப் போத்தல் திரும்பி வந்தால்தான் கழுவி மறுபடி நிரப்ப முடியும். மற்ற லேபிள் போத்தலெல்லாம் வருகிறது, முனியாண்டி மட்டும் போனவர் போனவர்தான். “உங்கப்பா தோட்டத்துக்கும் போகுதுல்ல? என்னன்னு பாத்துட்டு வா” என்று முதலாளி என்னை அனுப்பினார்.

தோட்டத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால், கோயில் மரத்தடியில் போத்தல்கள் வரிசை வரிசையாக நின்றன. ஒவ்வொரு முனியாண்டிக்கும் நெற்றியில் குங்குமம், போத்தல் கழுத்தில் செம்பருத்தி. காற்றில் ஊதுவத்தியும் புளித்த சாராயமும் கலந்த வாடை. என் படம் நூறு முகமாக என்னை முறைத்தது.

“என்னப்பா இது?” என்று அப்பாவிடம் கேட்டேன்.

“பின்ன என்னடா செய்யறது? குடிச்சு முடிச்சா சாமி நம்மளயே பாக்குது. சாக்குல போட்டு போத்தல்காரன்கிட்ட தள்ள முடியுமா? சாமி குத்தமாயிடும்.”

பக்கத்து வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். “வீட்டுலயும் வச்சுக்க முடியல தம்பி. பொண்டாட்டிய அடிக்கக் கை ஓங்கினா இவரு முறைக்கிறாரு. அதான் எல்லாரையும் இங்க கொண்டாந்து நிறுத்திட்டோம்.” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“குடிக்காம இருக்கலாமே?”

“சாமி குடுக்கறத வேணாங்கிறதா?” என்றார் அப்பா. அவர் கண் மஞ்சளாகியிருந்தது. என் தோளைப் பிடித்து மற்றவர்களிடம் காட்டினார். “என் மகன் போட்டது. அதான் நான் வேற போத்தல் வாங்கறதில்ல. முன்ன ஞாயித்துக்கிழம மட்டும்தான். இப்ப தெனமும் இதுதான்.”

நான் மரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். பஸ்ஸில் வந்த களைப்பு என்று அப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அச்சகத்துக்குத் திரும்பி எல்லாவற்றையும் சொன்னேன். இதைக் கேட்டாவது அந்த லேபிளை நிறுத்துவார் என்று நினைத்தேன். முதலாளி தீக்குச்சியால் காது குடைந்தபடி கேட்டார். குச்சியை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“அப்ப கண்ணுலதான் கோளாறு. கண்ண மூடிரு தம்பி. கண்ணு தொறக்கலன்னா சாமி இல்ல, பொம்ம. மீச, அருவா எல்லாம் அப்படியே இருக்கட்டும். வாங்கறவனுக்கு முனியாண்டி, குடிச்சு முடிச்சா வெறும் போத்தல். பொண்டாட்டியயும் நிம்மதியா அடிச்சுக்கலாம், என்ன?”

தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்து, சிரிப்பு இருமலாகி, குப்பைத் தொட்டியில் துப்பினார்.

மேசையில் உட்கார்ந்தேன். வேலை வேண்டுமே. பழைய படத்தை எடுத்து, ஒரு கண்ணின் மேல் வெள்ளை பூசி, இமையை இழுத்தேன். ஒரு கண் மூடியதுமே முகம் மாறிவிட்டது. வாயோரம் சுருட்டு தொங்க, லயத்து வாசலில் நினைவில்லாமல் கிடக்கும் அப்பா. இன்னொரு கண் மட்டும் முழித்துக்கொண்டிருந்தது. அதை மூடக் கை வரவில்லை.

தூரிகையைக் கழுவி வைத்து, முடியாது என்றேன்.

“வெளிய வேல கொட்டிக் கெடக்கோ?”

“இல்ல சார்.”

“பின்ன?”

“மரம் வெட்டத் தெரியும்.”

“அதுக்குத்தான் சிங்கப்பூர் போனியா?” என்றார். என் ஓவியங்களைத் திருப்பிக் கேட்டேன். கொடுத்தார். நிர்வாணப் படம் மட்டும் காணவில்லை. மற்றவற்றின் மூலையில் மஞ்சளாக அவர் விரல் தடம் அப்படியே இருந்தது.

அறையைக் காலி செய்தபோது வீட்டுக்கார அம்மாள் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. வாழையிலையில் சோறு கட்டிக் கொடுத்தார்.

மறு மாதம் விடியற்காலையில் அப்பாவோடு ரப்பர் மர நிரையில் நின்றேன். ஏன் விட்டேன் என்று கேட்டார். சாமி கண்ணை மூடச் சொன்னார்கள், முடியவில்லை என்றேன். “நல்லதுடா. சாமி குத்தம் நமக்கு எதுக்கு?” என்றார். கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனேன்.

லேபிளில் அந்தக் கண்ணை வேறு யாரோ மூடி வரைந்து கொடுத்துவிட்டார்கள். வேலை முடிந்து லயத்துக்கு வந்தபோது போத்தல்காரனின் வண்டி நின்றது. அப்பா கட்டிலுக்கு அடியிலிருந்து காலிப் போத்தல்களை இழுத்து ஒவ்வொன்றாகச் சாக்கில் போட்டார். மீசை இருந்தது, அரிவாள் இருந்தது.

“இப்ப தொந்தரவு இல்லடா” என்றார். “சாமி தூங்குது.”