உப்பு வளவில் கத்தரி

எங்கள் கரையில் வீடும் அதைச் சுற்றிய வளவும் பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியோடு வந்து ஏறுகிறவர். கடல் வந்து வீட்டை உடைத்து உம்மாவையும் கொண்டுபோன பிறகு, தகரக் கொட்டிலில் இருந்துகொண்டு என் கணவர் சொன்னார்: "இந்த மண்ணுல இனிப் புல்லும் முளைக்காது. வயல் பக்கம் வீடு கட்டித் தாறாங்களாம், போயிருவம்." எனக்குக் கோபம் தலைக்கேறியது. உம்மா எனக்குத் தந்ததில் மிஞ்சியது அந்த மண் மட்டும்தான்.

"அடுத்த நோன்புக்குள்ள இந்த வளவுக் காயில கறி ஆக்கித் தாறன். ஏலாட்டி நீங்க சொல்ற இடத்துக்கு வாறன்" என்றேன். அவர் சிரித்தார். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடல் நீர் புகுந்த கிணற்றை இறைத்தேன். ஊறியதை மறுபடியும் இறைத்தேன். ஒரு மாரி முழுக்க மழை மண்ணைக் கழுவட்டும் என்று காத்திருந்தேன். பிறகுதான் கத்தரிக் கன்று நட்டேன். பத்து நாளில் இலையோரம் கருகி அத்தனையும் செத்துப்போயின. கடலை வாயாரத் திட்டினேன். யோசித்துப் பார்த்தால் கடல் பாவம், செய்தது நான். கருவாடு கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றியே பழகிய கை இது. உப்புத் தின்ற மண்ணுக்கு நானே திரும்பவும் உப்பை ஊட்டியிருக்கிறேன். இதைக் கணவரிடம் மூச்சுவிடவில்லை.

இரண்டாம் முறை மாட்டெருவும் காய்ந்த இலையும் போட்டு நட்டேன். அரிசி கழுவிய தண்ணீரைத் தவிர வேறெதையும் ஊற்றவில்லை. கன்று நிமிர்ந்தது, பூத்தது. நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது குருத்துகள் தொங்கத் தொடங்கின. கிள்ளிப் பார்த்தால் உள்ளே புழு.

வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தலைக் கணவர் சைக்கிளில் கொண்டுவந்தார். "ரெண்டு மூடி போதும், ஒரு புழு மிஞ்சாது."

"கிணறு பக்கத்துல கிடக்கு. உப்பை இறைச்சு இறைச்சு இப்பதான் வாயில வைக்க ஏலுது. அதுக்குள்ள நஞ்சை ஊத்தவா? கொண்டு போங்க!"

"அப்ப கறியும் இல்ல, வளவும் இல்ல" என்றார்.

அன்றிலிருந்து விடியுமுன் சுபஹு தொழுததும் செடிகளுக்குள் இறங்கினேன். வாடிய குருத்தைக் கிள்ளி அடுப்பில் போட்டேன். பனி ஈரம் காயுமுன் இலையில் சாம்பல் தூவினேன். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்து வடித்து, கொஞ்சம் சவர்க்காரம் கரைத்துத் தெளித்தேன். கைப்பு விரலில் ஏறி, சோறு தின்னும்போதும் கசந்தது. பயமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு புழுவுக்காக உம்மாவின் மண்ணை விட்டுப் போவதா?

முதல் நோன்பன்று ஏழு காய் பறித்தேன். ஒன்றில் துளை இருந்தது. பழுதை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைச் சேர்த்துக் கறியாக்கினேன். நோன்பு திறந்து சோற்றில் கை வைத்தவர், ஒரு துண்டைத் தூக்கி விளக்குக்கு நேரே பிடித்தார்.

"இதுல புழு இருந்திருக்கே?"

"ஓம், இருந்திச்சி. புழுவுக்கே இஞ்ச சீவிக்க ஏலுமெண்டா எனக்கு ஏலாதா?"

அவர் இன்னொரு அகப்பை கறி கேட்டார். மறுநாள் வயலிலிருந்து வரும்போது சைக்கிளில் வேலிக்கம்பு கட்டிக்கொண்டு வந்தார். எல்லை எதுவென்று என்னிடம் கேட்டுத்தான் முதல் கம்பை நட்டார்.