இருநூற்று ஐந்து போதும்

பின்சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உட்புறத்தில் களிமண்ணை உருண்டை உருண்டையாக அப்பிக்கொண்டிருக்கிறார் டயரக்கா. வண்டிக்காரரை மேடு பள்ளத்தில் ஒரு சுற்று ஓட்டிவரச் சொல்வார். வந்ததும் நசுங்கிய களிமண்ணை விரலால் தடவிப் பார்ப்பார். அதில் எவ்வளவு கனம் மிஞ்சியிருக்கிறதோ, டயர் பெருக்க அவ்வளவுதான் இடம். "புஸ்தகத்துல இருக்கறது கம்பெனிக்காரன் அளவு. இது உங்க அளவு."

வேகக் கார்களுக்கு வீலும் டயரும் தேர்ந்து கொடுப்பது அவருக்கு இருபது வருடத் தொழில். முகத்துக்கு முன்னால் காலைப் பார்க்கும் பழக்கம் அதில் ஒட்டிக்கொண்டது. "உங்களுக்கு ஏழாம் நம்பர் செருப்புதான். எட்டு போட்டிருக்கீங்க" என்று முன்பின் தெரியாதவரிடம் பளிச்சென்று சொல்லிவிடுவார். கடையைச் சேர்ந்து நடத்தும் தம்பி தலையில் அடித்துக்கொள்வார்.

போன மாதம் ஒரு கணக்கு டீச்சர் கணவரோடு வந்தார். சிறிய இரண்டு இருக்கைக் கார். விடுமுறை நாட்களில் டீச்சர் அதைப் பந்தயப் பயிற்சித் தடத்தில் ஓட்டுவாராம். சென்ற வருடம் மழையில் அது சுழன்று தடுப்பில் மோதி, டீச்சருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அதற்குப் பிறகு கார் போர்வைக்குள் கிடந்தது.

"இருக்கறதுலயே அகலமானதா போட்டுடுங்க. வழுக்கவே கூடாது" என்றார் கணவர்.

"போன வருஷம் என்ன போட்டிருந்தீங்க?"

"இருநூத்தி நாப்பத்தஞ்சு" என்றார் டீச்சர்.

"மில்லிமீட்டர்ல அவ்வளவு அகலமா? இந்த வண்டிக்கா? யாரு சொன்னா?"

டீச்சர் கணவரைப் பார்த்தார். கணவர் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"எடை கம்மியான வண்டி டீச்சர். இவ்வளவு அகலம்னா மழைத்தண்ணிய கிழிக்காது, மேல ஏறி மிதக்கும். இருநூத்தி அஞ்சு போதும். வீலும் ரெண்டு அங்குலம் சின்னதா போட்டு, டயரோட பக்கச்சுவருக்குக் கொஞ்சம் சதை விடுவோம்."

டீச்சர் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தார். "என் கைதான் சரியில்லன்னு ஒரு வருஷமா நெனச்சிட்டிருந்தேன்க்கா."

"கைய ஏன் திட்டறீங்க? காலுக்குப் பொருந்தாத செருப்பு அது."

டயரக்கா புது டயர்களை மாட்டிக் கொடுத்ததோடு விடவில்லை. அடுத்த மழைநாளில் தம்பியிடம் கடையை ஒப்படைத்துவிட்டுத் தடத்துக்குப் போய், டீச்சரின் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார். முதல் சுற்றில் கார் ஊர்ந்தது. போன வருடம் மோதிய வளைவு வந்ததும் டீச்சரின் முழங்கைகள் விறைத்தன.

"மூச்சு விடுங்க டீச்சர்" என்றார் டயரக்கா. அவரும் கதவுப் பிடியை இறுகப் பற்றியிருந்தார். தன் கணக்கு பிசகியிருந்தால்?

இரண்டாம் சுற்றில் டயர்கள் தண்ணீரைப் பிளக்கும் சீரான இரைச்சல் கேட்டது. மூன்றாம் சுற்றில், யாரும் சொல்லாமலே, அந்த வளைவை விட்டு வெளியேறும்போது டீச்சர் ஆக்சிலரேட்டரை அழுத்தினார். கார் கோடு போட்டதுபோல் திரும்பியது.

டயரக்கா கதவுப் பிடியை விட்டு, இருக்கையில் நன்றாகச் சாய்ந்து, வாயைப் பொத்தாமல் பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.