ஜீப்பில் அனுப்பிய சீட்டு

ஜவ்வாது மலையில் நான் கிராம சுகாதாரச் செவிலியராகப் பணிபுரிந்த ஆண்டுகளில் எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. கைப்பேசியில் பேச வேண்டுமானால் அரை மணி நேரம் மேடேற வேண்டும். அதனால், பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்குச் சொல்ல வேண்டியதைச் சீட்டில் எழுதி, அந்தத் திசையில் போகும் ஜீப் ஓட்டுநரிடம் கொடுத்துவிடுவோம். ஊரார் அதே ஜீப்பில் புளி மூட்டை அனுப்பினார்கள். நாங்கள் கர்ப்பிணிகளைப் பற்றிய செய்திகளை அனுப்பினோம்.

பக்கத்து நிலையத்தில் இருந்த செவிலியர் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள். என்னிடம் நாவல்களை வாங்கிப் போவாள்; திருப்பித் தரும்போது கதைமாந்தர்களின் மேல் உண்மையாகவே கோபித்துக்கொள்வாள். அந்த மலையில் என்னை அக்கா என்று அழைத்தவள் அவள் ஒருத்திதான்.

என் பகுதியிலிருந்து ஒரு பெண் தலைப்பிரசவத்துக்கென்று அந்தச் செவிலியரின் பகுதியிலிருந்த தாய்வீட்டுக்குப் போனாள். ரத்த அழுத்தம் கூடியிருந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் பார்க்க வேண்டும் என்று எழுதி ஜீப்பில் கொடுத்தேன். அன்று ஏறியவர்கள் எல்லாரும் கலசப்பாக்கம் போகிறவர்கள் என்பதால் ஜீப் பாதி வழியிலேயே திரும்பிக் கீழே இறங்கிவிட்டது. எனக்கு அது தெரியாது. சீட்டு கிடைத்ததா என்று மேடேறிப் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. பத்தாம் நாள் அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வந்தது. கம்பளியில் கட்டிச் சாலைவரை தூக்கி வந்தார்கள். அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

விசாரணையில் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்கள்: தகவல் அனுப்பினீர்களா? அனுப்பினேன் என்றேன். தகவல் வரவே இல்லை என்று அந்த இளைய செவிலியர் சொன்னதை யாரும் நம்பவில்லை. விளக்கம் கேட்டு மெமோ அவளுக்குத்தான் போனது. இரண்டு நாள் கழித்து ஓட்டுநர் என் சீட்டை மடிப்புக் கலையாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். அன்றே நான் அலுவலகத்துக்குப் போயிருக்க வேண்டும். நாளை என்று நினைத்தேன். அப்படியே ஒரு மாதம் போயிற்று. அந்த ஒரு மாதமும் அவள் வழக்கம்போல என்னோடு பேசிக்கொண்டிருந்தாள்.

பிறகு, குழுவாகப் பணியாற்றுவது குறித்த பயிற்சிக்காக எங்களைத் திருப்பத்தூருக்கு அழைத்தார்கள். மலைப்பாதையின் வளைவுகளில் எனக்குக் குமட்டும் என்று பேருந்தில் ஜன்னலோர இருக்கையை எனக்கு விட்டுக்கொடுத்தாள்.

பயிற்சியாளர் எங்களை வட்டமாக நிற்க வைத்து ஒரு நூல்கண்டைக் கொடுத்தார். ஒரு செய்தியைச் சொல்லி, நூலின் நுனியைப் பிடித்தபடி கண்டை எதிரில் இருப்பவருக்கு வீச வேண்டும். "இன்னா சார், இந்த வயசுல எங்கள நூல் வுடச் சொல்றீங்க?" என்று ஒரு மூத்த செவிலியர் கேட்க, கூடமே சிரித்தது. கண்டை வீசிய கையோடு ஏறக்குறைய எல்லாருமே நுனியையும் விட்டுவிட்டோம். பயிற்சியாளர் தரையில் கிடந்த நூலைச் சுற்றிக்கொண்டே சொன்னார்: "சொன்னதோட உங்க வேலை முடியலைங்க. அவங்க அதைத் திருப்பிச் சொல்ற வரைக்கும் நுனி உங்க கையிலதான் இருக்கணும்."

சிரித்துக்கொண்டிருந்த முகங்களுக்கு நடுவே அவள் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியம் கை கழுவும் இடத்தில் சீட்டை எடுத்து அவளிடம் நீட்டினேன். "இது உன் கைக்கு வரவே இல்லம்மா. ஜீப்லயே கெடந்திருக்கு. தெரிஞ்சும் நான் சொல்லாம இருந்துட்டேன்."

அவள் அதை வாங்கவில்லை. குழாயை மூடிவிட்டு, ஈரக்கையை முந்தானையில் மெதுவாகத் துடைத்துக்கொண்டாள்.

"தெரியும்க்கா. ட்ரைவர் அண்ணன் அப்பவே சொல்ட்டாரு. நீங்களே வந்து சொல்வீங்கன்னு பாத்துனு இருந்தேன்."

இன்றைக்கே அலுவலருக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"எழுதுங்க. வேணாம்னு சொல்ல மாட்டேன். என்னால இனிமே மலையில இருக்க முடியாது. போன வாரமே மாறுதல் கேட்டு எழுதிக் குடுத்துட்டேன்."

பிற்பகலில் அவள் வேறு குழுவில் போய் உட்கார்ந்துகொண்டாள். நான் பின்வரிசையிலிருந்து கடிதத்தை எழுதினேன். குழந்தையை இழந்த தாயின் பெயரை எழுதும் இடத்தில் பேனா நெடுநேரம் நின்றது. மாலையில் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, தனியாகப் பேருந்து ஏறினேன்.

அவளுக்குப் போன மெமோவைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு ஒன்று வந்தது. அதற்குள் அவள் சமவெளியில் ஓர் ஊருக்குப் போய்விட்டிருந்தாள். அவள் மேலிருந்த பழி நீங்கிவிட்டது என்பதை என் வாயாலேயே சொல்ல விரும்பி, மேடேறிப் போய் அழைத்தேன். பொறுமையாகக் கேட்டாள். அந்தப் பெண் எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தாள். எழுந்து நடமாடுகிறாள், யாரோடும் அதிகம் பேசுவதில்லை என்றேன்.

"சரிங்க சிஸ்டர்," என்றாள்.

மலையில் எல்லாரும் என்னை அப்படித்தான் அழைத்தார்கள்.