டார்ச்காரர் தேய்த்த சுவர்

அந்தப் பெயின்டரைத் தெருவில் டார்ச்காரர் என்றுதான் சொல்வார்கள். பட்டி பூசிக் காய்ந்த சுவரில் டார்ச்சைப் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து அடிப்பார். கடுகளவு மேடு இருந்தாலும் நிழல் விழும். விழுந்ததோ, உப்புத்தாளைக் கையில் எடுத்துவிடுவார்.

ஒரு வீட்டில் கூடமும் இரண்டு அறைகளும் சகலைக்கு, உள்ளறை மட்டும் இவருக்கு என்று வேலை அமைந்தது. மனைவியின் அக்காள் புருஷனான அந்தச் சகலை, வாய் நிறையப் பேச்சோடு மூன்று நாளில் முக்கால்வாசியை முடித்துவிட்டார். இவரோ ஐந்தாம் நாளும் ஒரே சுவரோடு மல்லுக்கு நின்றார். வீட்டுக்கார அம்மாள் வந்தாள்.

"நாளன்னைக்கு மகன் சாமானோட வந்து எறங்குறான். இன்னிக்கு முதல் பூச்சு ஏறலைன்னா இந்த ரூமையும் உங்க சகலைகிட்டயே குடுத்துடுவேன்."

வேறு யாரைச் சொல்லியிருந்தாலும் அவருக்கு அப்படிச் சுருக்கென்று தைத்திருக்காது.

சகலை எட்டிப் பார்த்தார். "என்ன சகலை, செவுத்துல மொகம் பாத்துத் தலை சீவப் போறீங்களா?"

"உங்க செவுரு வழவழன்னு இருக்கு. எனக்கு வரமாட்டேங்குதே."

"எனக்குப் பசி வந்துடுச்சு. சாப்பிட்டு வந்து பேசுவோம்."

ஆள் போனதும் கூடத்துச் சுவரில் டார்ச்சை வைத்தார். இத்தனை வருஷத்தில் சகலையின் சுவரைச் சோதிக்க அவருக்குத் துணிச்சல் வந்ததே இல்லை. அம்மாடி, எத்தனை மேடு, எத்தனை பள்ளம்! சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு வாசலில் போய் நின்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. சுவர் சுவராக இருந்தது. வந்த சந்தோஷம் அங்கேயே வடிந்துபோயிற்று.

உள்ளே வந்தார். தேய்த்துத் தேய்த்து அவருடைய சுவரின் ஒரு மூலையில் பட்டியே போய், சிமென்ட் பல்லை இளித்துக்கொண்டிருந்தது. அதற்குச் சகலையைக் குறை சொல்ல முடியாது. அந்த இடத்தில் மட்டும் பட்டி வைத்து, காய்ந்ததும் ஒரு தேய்ப்போடு நிறுத்தினார். பிரைமர் அடித்தார். பொழுது சாய்வதற்குள் முதல் பூச்சும் ஏறிவிட்டது. ஜன்னலுக்குக் கீழே ஒரு மேடு. பிரஷ் அங்கே கொஞ்சம் தயங்கியது. அப்புறம் மேலே போய்விட்டது.

வீட்டில் மனைவி கேட்டாள்: "அக்கா வீட்டுக்காரர் எப்பவோ முடிச்சிட்டாராமே?"

"நானும் நாளைக்கு முடிச்சிடுவேன்."

"செவுரு எப்படி வந்திருக்கு?"

"மேடும் பள்ளமுமா இருக்கு," என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.