புயலுக்கு மறுநாள் வந்த குரல்கள்

புதுச்சேரி டவுனில் வீடுகளுக்கும் ஓட்டல்களுக்கும் இன்டர்நெட் லைன் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறேன். அறுந்த ஃபைபரை ஒட்டுவதுதான் என் வேலை. குருசுக்குப்பத்தில் மாடியில் ஒரே அறை, நானும் என் மனைவியும்.

அவள் உண்டாகி, வளைகாப்பு முடிந்ததும் தாய்வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். கோரிமேட்டைத் தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குள் பஸ்ஸில் போய், மெயின் ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டும். சவுக்கும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற ஊர். அங்கே வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. சாயங்காலம் ஏரிக்கரைக்கு நடந்து வந்து வீடியோ கால் போடுவாள். அவள் முகம் பாதி தெரிந்து அப்படியே நின்றுவிடும். "கேக்குதா? ஏங்க, கேக்குதா?" என்ற குரல் மட்டும் விட்டுவிட்டு வரும்.

அந்த ஊருக்கு நம் லைனைக் கொண்டுபோக முடியுமா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. "எத்தினி வீட்ல போடுவாங்க சொல்லு? நாலு வீட்டுக்காக அவ்ளோ தூரம் இழுக்க மேல ஒத்துக்க மாட்டாங்கப்பா" என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

ஐப்பசி முடிந்த சமயம் புயல் வந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் பேசியபோது, "வயிறு இறுக்குற மாரி இருக்கு. பயப்படாதீங்க, இன்னும் நாள் கெடக்கு" என்றாள். அதன்பிறகு அவள் போன் கிடைக்கவில்லை. மாமனார் போனும் கிடைக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று அந்தப் பெண் குரல் சொல்லிக்கொண்டே இருந்தது.

மழை விட்டதும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் மரங்கள் விழுந்து கிடந்தன. ஏரி உடைத்துக்கொண்டு தண்ணீர் குறுக்கே போகிறது, யாரும் போக முடியாது என்று போலீஸ்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். வேறு வழியாகவும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் தண்ணீர். திரும்பி வந்தபோது சூப்பர்வைசர் போன் செய்தார். டவுன் முழுக்க லைன் போய்விட்டது, உடனே வரச் சொன்னார். போனேன். சும்மா உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

மறுநாள் மத்தியானம் கடற்கரைப் பக்கம் ஓர் ஓட்டலில் வேலை. ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, கெஸ்ட்டுங்க எல்லாம் என்னைத் திட்டுறாங்க. நெட்டு எப்ப வரும்?" என்று மேனேஜர் என் பின்னாலேயே நின்றார். வாசல் பூவரச மரம் சாய்ந்து வயரை இழுத்திருந்தது. ஒட்டி முடித்ததும் உள்ளே ஒரே சத்தம். ஒரு வெள்ளைக்கார அம்மாள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் பேரப்பிள்ளையிடம் பேசினார். அந்தக் குழந்தை சிரித்தது ரிசப்ஷன் வரைக்கும் கேட்டது.

நான் சாமான்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன். மாமனார்.

"மாப்ள, டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். கெளம்பி வாங்க."

"அவ எப்பிடி இருக்கா?"

"இருக்கு. அது நல்லா இருக்கு."

"கொழந்த?"

"வாங்க மாப்ள" என்றார்.

பெண் குழந்தை. வயிற்றிலேயே போய்விட்டிருந்தது. முந்தின நாள் காலையிலேயே பனிக்குடம் உடைந்திருக்கிறது. ஆம்புலன்சுக்கு போன் போட்டால் போகவில்லை. நர்ஸ் வீடு பக்கத்து ஊரில், அவருக்கும் போகவில்லை. மாமனார் இடுப்பளவு தண்ணீரில் மெயின் ரோடு வரைக்கும் போய்ப் பார்த்திருக்கிறார். டவருக்கே கரண்ட் இல்லை. கடைசியில் டிராக்டரில் மெத்தை போட்டு அவளைப் படுக்க வைத்து, வழியில் கிடந்த மரத்தையெல்லாம் அறுத்து அறுத்து வந்திருக்கிறார்கள். டாக்டரம்மா, "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

வார்டில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

"எத்தினி தடவ பண்ணேன். அப்பா போன்ல, சித்தப்பா போன்ல, எல்லாத்துலயும் பண்ணேன். ஒண்ணு கூட வரலையா உங்களுக்கு?"

"வரலம்மா."

அவள் போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. வராந்தாவில் சார்ஜரில் செருகிவிட்டு பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அது உயிர் பெற்றது. உடனே என் சட்டைப்பையில் இருந்த போன் அடிக்க ஆரம்பித்தது. டிங், டிங் என்று ஓயாமல். அவள் அனுப்பி, போக வழியில்லாமல் கிடந்த வாய்ஸ் மெசேஜெல்லாம் வரிசையாக வந்து விழுந்தன. முதலாவதைக் காதில் வைத்தேன். "ஏங்க, தண்ணி ஒடஞ்சிடுச்சி. வந்துடுங்க. அம்மா அழுவுறாங்க, எனக்கு..." அதற்குமேல் கேட்க முடியவில்லை.

உள்ளே போனபோது அவளுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருந்தது தெரிந்தது. "அத கேக்காதீங்க" என்றாள். அழிக்கச் சொல்லவில்லை. நானும் அழிக்கவில்லை. மற்றவற்றை இன்றுவரை திறக்கவும் இல்லை.

குழந்தையை நானும் மாமனாரும் இங்கேயே அடக்கம் செய்தோம். அவள் அதற்குப் பிறகு தாய்வீட்டுக்குப் போகவில்லை. அவள் அம்மாதான் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போகிறார்.

போன வருஷம் அந்த மெயின் ரோட்டோரமாக ஃபைபர் போட்டோம். ஊருக்கு அப்பால் புதிதாக வந்த ரிசார்ட்டுக்கு. பள்ளம் தோண்டும் வேலை ஊர்முனைக்கு வந்த அன்று மாமனார் தூக்குவாளியில் டீ கொண்டுவந்தார். ஆட்களுக்கெல்லாம் ஊற்றிக் கொடுத்துவிட்டு, பள்ளத்தில் கிடந்த ஃபைபர் குழாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுலேர்ந்து நம்ம தெருவுக்குக் குடுக்க மாட்டாங்களா மாப்ள?"

"இதுல அதுக்கு வழி வெக்கலை மாமா."

"நீங்க சொன்னாகூடவா?"

"நான் யாரு மாமா, சொல்றதுக்கு."

அவர் என்னைக் குறை சொல்லவில்லை. "பொண்ணு ஒழுங்கா சாப்புடுதா?" என்று கேட்டுவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு நடந்தார். அன்று சாயங்காலத்துக்குள் ஊரைத் தாண்டி, குழாயைப் புதைத்து, மண்ணைத் தள்ளி மூடிவிட்டோம். வீட்டில் அவள், "இன்னிக்கு எந்தப் பக்கம் வேல?" என்றாள். சொன்னேன். அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு, "அப்பா எளச்சிட்டாரா?" என்று மட்டும் கேட்டாள்.