அவரே எழுதிய பரிந்துரை

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் மேனேஜராக இருந்தேன். எங்கள் புரோகிராம்களைச் சோதித்துத் தப்புக் கண்டுபிடிப்பது என் டீமில் இருந்த ஒரு பெண்ணின் வேலை. லிங்கராஜபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவார். ஒல்லியான உடம்பு, இறுக்கிப் பின்னிய சடை, கையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனா. கேன்டீன் மெனுவில் எழுத்துப் பிழை இருந்தால்கூடத் திருத்திவிட்டுத்தான் தட்டை எடுப்பார்.

அமெரிக்காவில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டார்.

"நீங்களே டைப் பண்ணிட்டு வாங்கம்மா, சைன் போட்டுடறேன்" என்றேன்.

மேனேஜர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். கேட்டவர்களும் தங்களை ஆஹா ஓஹோவென்று புகழ்ந்து எழுதி வருவார்கள். இவரும் கொண்டுவந்தார். போனில் பேசிக்கொண்டே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

எங்குமே இடம் கிடைக்கவில்லை. ஆறுதல் சொல்லப் போனபோது கடிதத்தின் நகலை எடுத்து நீட்டினார். நல்ல உழைப்பாளி, கணக்கில் சுமார், சொந்தமாக யோசிப்பது குறைவு என்று ஆங்கிலத்தில் இருந்தது. அப்போதுதான் அதை முதல் தடவையாகப் படித்தேன்.

"மனசுல பட்டதை எழுதினேன் சார். தப்பா இருந்தா நீங்க மாத்துவீங்கன்னு நெனச்சேன். ஒரு வார்த்தைகூட மாத்தல. அப்போ சரியாத்தான் எழுதியிருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டேன். படிச்சுட்டுத்தானே சார் சைன் போட்டீங்க?"

"ஆமாம்மா" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் எங்கும் விண்ணப்பிக்கவில்லை. கேன்டீன் மெனுவைக்கூட விடாத அந்தக் கண்ணுக்கு, என் 'ஆமாம்மா' மட்டும் எப்படித் தப்பியது?