நாற்பத்தொரு பல்

செங்கலடிச் சந்தியில் திவாகரனின் வண்டி கண்ணில் படுமுன்னே காதில் விழுந்துவிடும். பழைய டிஎக்ஸ் வகன் கார். வேகம் அறுபதைத் தொட்டதும் என்ஜின் அலறும். "என்ன கா, உள்ளுக்க நெல்லுக் குத்துறீங்களா?" என்று ஓட்டோக்காரர்கள் கேட்பார்கள். திவாகரன் சிரிக்கமாட்டான், முறைப்பான். முறைத்தே ஐந்து வருடம் வாடகைக்கு ஹயர் ஓடிய மனிதன் அவன்.

அலறலுக்குக் காரணம் பின் அச்சில் இருந்தது. லைட்ஏஸ் வான் வண்டியிலிருந்து கழற்றிய பற்சக்கரச் சோடி அது: பெரியதில் நாற்பத்தொரு பல், சின்னதில் ஒன்பது. இழுவைக்கு அதை வெல்ல ஆளில்லை, ஆனால் வேக ஓட்டம் கிடையாது. சண்டைக் காலத்தில் குண்டும் குழியுமான வீதிகளுக்காக ஏறாவூர் மெக்கானிக் மஜீட்தான் அதைப் பூட்டினான்.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்றார்கள். கொழும்புப் பாதை திறந்தது. திவாகரனுக்கு வேக ஆசை பிடித்தது. "கழட்டுடா மச்சான், ஓடுற சாமானைப் போடு" என்றான். மஜீட் முப்பத்தொன்பதுக்குப் பத்துப் பல்லைப் பூட்டினான். வண்டி பறந்தது. இவனும் தலைகால் புரியாமல் பறந்தான்.

இரண்டாயிரத்து நான்கு மார்கழி, ஞாயிறு காலை. கடலோரக் கதிரவெளிக்கு ஹயர் போனவன் தன் தம்பி புவிதரனையும் கூட்டிப் போயிருந்தான். கடல் ஊருக்குள் வந்தபோது வண்டிக்குள் பன்னிரண்டு பேர் ஏறிவிட்டார்கள். இழுவை போதாமல் கிளச் புகைந்தது. குறுகிய ஒழுங்கை மணலில் சக்கரம் புதைந்ததே தவிர வண்டி அசையவில்லை. "நான் தள்ளுறன், நீ எடு" என்று புவிதரன் இறங்கினான். தள்ளினான். வண்டி ஏறியது. கண்ணாடியில் பார்த்தபோது அவன் நின்ற இடத்தில் தண்ணீர்தான் நின்றது.

சாவுத் துடக்குக் கழிந்த மறுநாளே திவாகரன் வண்டியை மஜீட்டிடம் கொண்டுபோய் நாற்பத்தொரு பல்லைத் திரும்பப் பூட்டுவித்தான். அதற்குப் பிறகு இருவரும் அந்தக் காலையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதில்லை.

யுத்தம் முடிந்த அடுத்த வருடம் சித்திரையில், மஜீட்டிடம் கிளச் மாற்ற விட்ட வண்டியை எடுத்துக்கொண்டு திவாகரன் புறப்பட்டான். அறுபது வந்தது. எழுபதும் வந்தது. வண்டி அலறாமல் வழுக்கிக்கொண்டு போனது. அவனுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டு ஒழுங்கை மணலில் ஏறியதும் என்ஜின் திணறி நின்றது. சந்தேகம் தீர்ந்தது: நாற்பத்தொரு பல் அதில் இல்லை. அப்படியே வண்டியைக் கிறுகித் திருப்பி ஏறாவூருக்குப் போனான். கராஜ் பூட்டியிருந்தது. மஜீட் உன்னிச்சைப் பக்கம் கார்ப் பந்தயத்துக்குப் போய்விட்டானாம்.

வயல் வட்டைக்கு நடுவே புதிதாகத் தார் போட்ட கார்பட் வீதியில் கால் மைல் பந்தயம். புறப்படும் கோட்டில், மஜீட்டிடம் வேலை செய்விக்கும் பல்கலைக்கழகப் பொடியன் நிதுர்ஷனின் பழைய ஸ்டார்லட் கார் உறுமிக்கொண்டு நின்றது. கிழமை நாளில் கம்பஸுக்கும் போகும் கார்தான். பாய்ந்து புறப்பட அதற்கு இழுவை வேண்டியிருந்தது. அந்த இழுவை எங்கிருந்து வந்தது என்று திவாகரனுக்குக் கேள்வியே இல்லை. வகனைக் குறுக்கே நிறுத்தி இறங்கினான்.

"என்ட சாமானைக் கழட்டி இவனுக்குக் குடுக்க நீ ஆர்ரா?"

மஜீட் ஓடி வந்தான். "சண்டை முடிஞ்சிட்டு மச்சான். ரோட்டெல்லாம் கார்பட். இனி என்னத்துக்கு அந்தப் பல்லு?"

"அண்டைக்கும் சமாதானம் எண்டுதானேடா கழட்டின நீ!"

மஜீட்டின் முகமும் கோபத்தில் சிவந்தது.

"ஓம், கழட்டினன்! நாளுக்கு நாலு தரம் என்ட கராஜைத் தாண்டி அலறிக்கிட்டுப் போறாய். ஒவ்வொரு தரமும் என்னைத்தான் ஏசுறாய் எண்டு கேக்குது. அந்த ஓட்டப் பல்லைப் போட்டவன் நான்தானே. எத்தின வருசத்துக்குடா கேக்கிற?"

"போடச் சொன்னவன் நான்டா!" திவாகரன் வகனின் கதவில் அறைந்தான். "உன்னை ஆர் ஏசினது? நான் என்னைத்தான் ஏசிட்டுத் திரியிறன்!"

நிதுர்ஷன் கார் என்ஜினை நிறுத்தினான். அன்றைக்கு அவன் பந்தயம் ஓடவில்லை. பின்னேர அஸர் தொழுகைக்கு முன்பே மஜீட் கராஜில் இரண்டு வண்டியையும் தூக்கிவைத்து, பல்லை மாற்றிப் பூட்டி முடித்தான். ஒரு நட்டை மூன்று தரம் தவறவிட்டான். திவாகரன் பக்கத்தில் நின்று அதற்கும் ஏசினான்.

அடுத்த கிழமை கதிரவெளிக்கு ஹயர். மற்றவர்கள் மணல் என்று மறுத்த ஓட்டம். வெயில் ஏறிய நேரம், தம்பி இறங்கித் தள்ளிய அதே ஒழுங்கையில், எட்டுப் பேரோடு சக்கரம் புதைந்தது. பின்னால் இருந்த ஒருவர் கதவைத் திறந்தார்.

"இறங்கித் தள்ளட்டா தம்பி?"

"கதவைச் சாத்து!" திவாகரன் கத்திய கத்தலில் பிள்ளைகள் அழத் தொடங்கின. "ஒருத்தரும் இறங்கப்படாது! ஒருத்தரும்!"

கியரைப் போட்டான். வகன் அலறியது. எட்டுப் பேரையும் சுமந்துகொண்டு மணலை விட்டு ஏறியது.